முழு இழப்பு: ரங்கூனிலிருந்து ஒரு காப்புறுதிக் கணக்கு

கார்க் காப்புறுதி பற்றி இப்படியான ஓர் இதழில் எழுதுவது சிலருக்கு ஒவ்வாமல் இருக்கலாம். தேசியவாதமும் பெண்ணியமும் விவாதிக்கப்படும் பக்கங்களில் நசுங்கிய ரொயோட்டாவுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஆனால் புகலிடத்தில் நாம் கையொப்பமிட்ட ஆவணங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அகதி மனுவுக்கு அடுத்தபடியாக, வாசிக்காமலே அதிகம் கையொப்பமிட்டது காப்புறுதிப் பத்திரங்களில்தான். ஒரு பொருள் 'இல்லாமற் போய்விட்டது' என்று யார் தீர்மானிக்கிறார்கள், எந்தக் கணக்கில் தீர்மானிக்கிறார்கள், அதன்பின் மிஞ்சிக் கிடப்பது யாருடையது என்ற கேள்விகள் எமக்கு அந்நியமானவை அல்ல. அவற்றை நான் ஓரளவு தெளிவாகப் படித்தது பர்மாவில். 2013 முதல் நான்கு ஆண்டுகள் யாங்கோனில் வேலை செய்தேன். (அங்குள்ள தமிழர்கள் இன்னமும் ரங்கூன் என்றே சொல்கிறார்கள். நானும் இடையிடையே அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் சொல்லின் பொருள். எம்மவர் 'றைற் ஓவ்' என்பார்கள், கம்பனிக் கடிதத்தில் 'ரோட்டல் லொஸ்' என்றிருக்கும். கார் இனித் திருத்தவே முடியாத அளவுக்கு நொருங்கிவிட்டது என்று பலர் இதை விளங்கிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. எந்தக் காரையும் திருத்தலாம், பணமும் பொறுமையும் இருந்தால். முழு இழப்பு என்பது இயந்திரவியல் தீர்ப்பு அல்ல, கணக்குத் தீர்ப்பு. திருத்தும் செலவு காரின் பெறுமதியில் ஒரு குறிப்பிட்ட வீதத்தைத் தாண்டினால், ஓடக்கூடிய காராக இருந்தாலும் அது கணக்கில் செத்த கார்.

இந்தக் கணக்கு கடலிலிருந்து வந்தது. 1906 ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடற் காப்புறுதிச் சட்டம் கப்பலுக்கு இரண்டு விதமான மரணங்களை வகுத்தது. கப்பல் மூழ்கி அழிந்துபோவது மெய்யான முழு இழப்பு. கப்பல் கண்முன்னே தரைதட்டிக் கிடக்கிறது, ஆனால் அதை மீட்டுத் திருத்த ஆகும் செலவு அதன் பெறுமதியைவிட அதிகம் என்றால் அது கருதப்படும் முழு இழப்பு. இரண்டாவதில் உரிமையாளர் ஓர் அறிவித்தல் கொடுக்க வேண்டும்: நான் கப்பலைக் கைவிடுகிறேன், மிஞ்சியதை நீங்கள் எடுத்துக்கொண்டு முழுப்பணத்தையும் தாருங்கள் என்று. கைவிடுதல் என்ற இச்சொல் முக்கியமானது. மிச்சத்தைக் கொடுக்காமல் முழுத்தொகை கிடையாது. ஒரே பொருளை இருவரிடம் விற்க முடியாது என்ற எளிய நியாயம்தான்.

மோட்டார் வாகனத்துக்கு வந்தபோது கம்பனிகள் எல்லையைத் தாழ்த்திக்கொண்டன. இந்தியாவின் மோட்டார்க் கட்டண விதிகளில் திருத்தச் செலவு காப்புறுதிப் பெறுமதியின் 75 வீதத்தைத் தாண்டினாலே முழு இழப்பு. அந்தப் பெறுமதியும் அட்டவணைப்படி வருடந்தோறும் தேயும்: ஆறு மாதத்துக்குள் 5 வீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்தில் 20, பிறகு 30, 40, ஐந்து வருடத்தில் 50. பிரித்தானியாவில் செத்த கார்களுக்குச் சாதிப்பிரிவே உண்டு. 2017 ஒக்ரோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை. ஏ என்றால் முழுதாக நசுக்கப்பட வேண்டும், உதிரிப்பாகங்கூட எடுக்கக்கூடாது. பி என்றால் பாகங்கள் எடுக்கலாம், உடல் நசுக்கப்பட வேண்டும். மற்ற இரண்டும் திருத்தி மீண்டும் வீதிக்கு வரலாம்.

இதெல்லாம் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது: காருக்கு ஒரு பெறுமதி உண்டு, அது வருடந்தோறும் குறையும், உரிய அட்டவணையைப் பார்த்தால் தெரியும். ரங்கூனில் இந்த அனுமானம் பொய்த்துப்போனதைக் கண்டேன்.

பர்மாவில் பல தசாப்தங்களாகக் காரை இறக்குமதி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். அது அதிகாரத்துக்கு நெருங்கியவர்களுக்கே கிடைத்தது. விளைவு, 1980களில் செய்த பழைய ரொயோட்டாக்கள் பல்லாயிரம் டொலருக்கு விற்கப்பட்டன. யப்பானில் காசு கொடுத்துக் கழிக்க வேண்டிய இரும்பு இங்கே ஒரு வீட்டின் விலை. 2011 செப்ரெம்பரில் தெயின் செயின் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: நாற்பது ஆண்டு கடந்த வாகனத்தை ஒப்படைத்தால் புதிதாக ஒன்றை இறக்குமதி செய்யச் சீட்டுத் தரப்படும். பிறகு முப்பது ஆண்டு, இருபது ஆண்டு என்று எல்லை இறங்கியது. அந்தச் சீட்டுகள் கைமாறின, விலைபோயின. கோழிக்கூடாகக் கிடந்த வான்களுக்குத் திடீரென வாங்குவோர் வந்தார்கள். அதாவது ஓர் அரசே நாட்டிலுள்ள பழைய வாகனங்களை முழு இழப்பாக அறிவித்து மிச்சத்தைத் தான் எடுத்துக்கொண்டு, நட்டஈட்டைக் காசாகத் தராமல் அனுமதியாகத் தந்தது. இதைவிடத் தெளிவான காப்புறுதிப் பாடம் நான் படித்ததில்லை. அங்கே காரின் பெறுமதி இரும்பில் இருக்கவில்லை, காகிதத்தில் இருந்தது.

காப்புறுதியும் அப்படியே அரசின் கையில்தான் இருந்தது. மியன்மா இன்சூரன்ஸ் என்ற அரச நிறுவனம் ஒன்றே. 1996 இல் காப்புறுதி வணிகச் சட்டம் வந்தும், தனியார் கம்பனிகள் உண்மையில் கதவு திறந்தது 2013 இல்தான். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம், ஆனால் அது பெரும்பாலானோருக்குப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வருடப்பதிவுடன் கட்டும் இன்னொரு சில்லறைத் தொகை. முழுக் காப்புறுதி எடுத்தவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

அவர் தாம்வேயில் மேல்மாடியை எனக்கு வாடகைக்குத் தந்த முதியவர். பருப்பு மொத்த வியாபாரம். மூதாதையர் தஞ்சாவூர்ப் பக்கம், தமிழ் எழுத்து கோயிலில் படித்தது. 2016 மழைக்காலத்தில் இன்செய்ன் வீதியில் அவருடைய ரொயோட்டா புறொபொக்ஸில் ஒரு பஸ் வந்து ஏறியது. 2017 ஜனவரியில் புதிய பஸ் சேவை ஏற்பாடு வருமுன் பயணிகளுக்காக பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடிய காலம் அது. 1970 இல் நே வின் ஒரே ஆணையில் நாட்டை வீதியின் வலதுபக்கத்துக்கு மாற்றினார். வாகனங்களோ யப்பானிலிருந்து வந்தவை, சுக்கானும் வலதுபக்கமே. முந்த முயலும் சாரதி எதிரே வருவதைப் பார்க்க முடியாது. நானும் பின்னால் இருந்தேன், எவருக்கும் பெரிய காயமில்லை. காருக்கு முன்பாதி இல்லை.

அவருடைய பத்திரம் ஆங்கிலத்தில் இருந்ததால் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எண்களைச் சற்று வட்டமாக்கித் தருகிறேன். பர்மியர்களும் எம்மைப்போல லட்சத்தில்தான் எண்ணுவார்கள், 'தெய்ன்' என்பார்கள், கணக்குப் புரிவதில் சிரமமிராது.

காப்புறுதித் தொகை 100 லட்சம் கியாற். அதே கார் அன்று சந்தையில் 130 லட்சம். பட்டறையின் திருத்த மதிப்பீடு 72 லட்சம். பத்திரத்தில் முழு இழப்பின் எல்லை 70 வீதம். கம்பனி 72ஐ 100ஆல் வகுத்தது. 72 வீதம், ஆகவே கார் செத்தது. சந்தை விலையால் வகுத்திருந்தால் 55 வீதம், கார் உயிரோடிருந்திருக்கும். குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்தால் கட்டணம் மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்த கார் சீக்கிரம் சாகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

திருத்தித் தருமாறு கேட்கலாமே என்றால் அங்கே இன்னொரு பொறி. பல பத்திரங்களில் விகிதாசார விதி என்று ஒன்று உண்டு. உண்மைப் பெறுமதியைவிடக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் குறைந்த பங்கை நீங்களே காப்புறுதி செய்ததாகக் கொள்ளப்படும். 130க்கு 100 என்றால் 72 லட்சம் திருத்தச் செலவில் கம்பனியின் பங்கு சுமார் 55. மிச்சம் 17 லட்சம் உங்கள் பையிலிருந்து. அவருடைய பத்திரத்திலும் அந்த விதி இருந்தது.

முழு இழப்பை ஏற்றால் இரண்டு வழி. ஒன்று, காரையும் பதிவுப் புத்தகத்தையும் கம்பனியிடம் ஒப்படைத்து, சுயபொறுப்புத் தொகை 1 லட்சம் கழித்து 99 லட்சம் பெறுவது. மற்றது, நொருங்கிய காரை வைத்துக்கொண்டு மிச்சப் பெறுமதியையும் கழித்துப் பெறுவது. கம்பனியின் மதிப்பீட்டாளர் மிச்சத்தை 15 லட்சம் என்றார். ஆகக் கையில் 84. நான் முதலாவதையே சொன்னேன். வீட்டுக்காரர் தலையசைக்கவில்லை.

"தம்பி, கார்தான் செத்துப்போச்சு. பேப்பர் உசுரோட இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரியான கணக்கு. மதிப்பீட்டாளர் விலை சொன்னது இரும்புக்கு. 2015 தொடக்கத்திலிருந்து ரங்கூனில் புதிதாக வாகனம் இறக்குவோர் தரிப்பிடச் சான்று காட்ட வேண்டியிருந்தது. நகரத்தின் இலக்கத்தகடு உள்ள வாகனத்துக்குத் தனி மதிப்பு ஏறத் தொடங்கியது. ஹந்தாவடி கார்ச் சந்தைத் தரகர் ஒருவர் பார்த்துவிட்டு, நொருங்கிய உடலுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் தகட்டுக்குமாக 40 லட்சம் என்றார். 84உம் 40உம் 124. ஒப்படைத்தால் 99. இருபத்தைந்து லட்சம் வித்தியாசம். அனுமதியும் தகடும் தட்டுப்பாடாக உள்ள எந்த ஊரிலும் இந்த இடைவெளி இருக்கும்.

இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் அவருடையதல்ல. பர்மாவில் இது சாதாரணம். பெயர் மாற்ற வரி கட்ட வேண்டும் என்பதால் கார்கள் முதல் உரிமையாளரின் பெயரிலேயே பல கை மாறும். விற்றவரின் அடையாள அட்டைப் பிரதியை வைத்துக்கொண்டால் போதும். ஓடும்வரை எவரும் கேட்பதில்லை. கட்டணம் வாங்கும்போது கம்பனியும் கேட்கவில்லை. நட்டஈடு கொடுக்கும்போதுதான் கேட்டது. காப்புறுதியின் அடிப்படை விதி, அழிந்த பொருளில் உங்களுக்குக் காப்புறுதிக்குரிய நலன் இருக்க வேண்டும் என்பது. காசு கொடுத்து வாங்கி, தினமும் ஓட்டி, நிறுத்த இடம் கட்டியவருக்கு நலன் உண்டு என்று வாதிடலாம். சட்டப்படி அது வலுவான வாதமும்கூட. ஆனால் காரை ஒப்படைக்கவோ விற்கவோ பெயருள்ளவரின் கையொப்பம் வேண்டும். அவரோ இறந்துவிட்டார். விதவை பகோவில் இருந்தார். தேடிப்போய், சம்பிரதாயமாக ஒரு தொகை கொடுத்துக் கையொப்பம் வாங்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் கம்பனியின் கோப்பு 'ஆவணம் குறைவு' என்று நின்றது. கட்டணம் ஏற்கும் நாளிலேயே பதிவுப் புத்தகத்தைப் பார்க்கக் கம்பனியைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அன்று கண்ணை மூடியவருக்குப் பிறகு அதைக் காரணம் காட்டும் உரிமை இருக்கக்கூடாது.

அதைவிடக் கடினமான விஷயம் வேறொன்று. அந்த 40 லட்சம் எதற்கு? தாய்லாந்து, சீன எல்லைகளால் பதிவின்றி வரும் வாகனங்களை அங்கே 'விதவுற்' கார் என்பார்கள், பத்திரம் இல்லாதது என்ற பொருளில். செத்த காரின் புத்தகமும் தகடும் அப்படியான ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். எல்லாத் தரகர்களும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே பட்டறையில் முன்பாதி ஒட்டி வீதிக்கு வரும் கார்களும் உண்டு. அவை வேறொரு பயம். பிரித்தானிய வகைப்பிரிப்பும், பல நாடுகளில் பதிவை இரத்துச் செய்யும் நடைமுறையும் இதற்காகவே வந்தன. செத்ததன் பெயரில் இன்னொன்று நடமாடக்கூடாது என்பது நியாயமான விதி. இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. 1964 மார்ச்சில் தகப்பனின் கடை அரசுடைமையானதைச் சொன்னார். அதே ஆண்டு மேயில் 50, 100 கியாற் தாள்கள் செல்லாதவையாயின. 1987 செப்ரெம்பரில் 25, 35, 75 கியாற் தாள்கள் மாற்றுக்கூட இல்லாமல் ஒரே அறிவிப்பில் காகிதமாயின. அந்தத் தாள்களில் ஒரு கட்டு அவரிடம் இன்னும் இருந்தது. "இதுக்கெல்லாம் மிச்சப் பெறுமதி யாரு கொடுத்தா? நான் ஒரு தடவ பேப்பர வித்துக்கறேன் தம்பி."

எனக்குப் பதில் இருந்தது. ஒரு அநீதிக்கு இன்னொரு சாரதியின் உயிர் ஈடல்ல என்று. சொல்லவுஞ் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வாரம் தரகருக்கு விற்றார். அவரை நான் குற்றஞ்சாட்டி எழுதவில்லை. அனுமதிப்பத்திரத்துக்கு இரும்பைவிட அதிக விலை வைத்த ஆட்சி, காகிதம் நடமாடுவதையும் சேர்த்தே உற்பத்தி செய்தது. ஆயினும் வாங்கிய சாரதிக்கு அவருடைய காரின் வரலாறு தெரியாது என்பதும் உண்மையே. வாசகர்கள் இதில் என்னோடு முரண்படலாம்.

பஸ்காரரின் கதை சுருக்கமானது. கம்பனி உங்களுக்கு நட்டஈடு தந்ததும், இடித்தவர் மீது உங்களுக்கிருந்த உரிமை கம்பனிக்கு மாறிவிடும். உங்கள் செருப்பை அது போட்டுக்கொள்கிறது. எனவே வீதியில் நின்று 'பரவாயில்லை, போகட்டும்' என்று எழுதிக்கொடுத்தால் கம்பனியின் உரிமையை நீங்கள் அழித்தவராவீர்கள், அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். பர்மாவிலோ பொலிஸ் நிலையத்தில் சமரசமாகப் பேசித் தீர்ப்பதே வழமை. பேசாவிட்டால் வழக்கு. அங்குள்ள தண்டனைச் சட்டம் 1860 இன் இந்தியச் சட்டமே, 279, 337, 338, 304ஏ என்று பிரிவிலக்கங்கூட மாறவில்லை. வழக்கென்றால் காரும் சான்றுப்பொருளாகப் பொலிஸ் முற்றத்தில் மழையில் நிற்கும். நாங்கள் சமரசப் பத்திரத்தில் 'காப்புறுதிக் கம்பனியின் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற ஒரு வரியைப் பர்மிய மொழியில் சேர்க்கச் சொன்னோம். எழுதுநர் முணுமுணுத்தபடி சேர்த்தார். அந்த ஒரு வரி பின்னால் பெரிதும் உதவியது.

கடைசியாக வருவது விடுவிப்புப் பத்திரம். 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக' என்று அதில் இருக்கும். எம்மவர்கள் இதற்குக் கையொப்பமிட்டுவிட்டுத்தான் என்னிடம் வாசிக்கத் தருகிறார்கள். காசோலையைக் காட்டிக் கையொப்பம் கேட்கும்போது உங்களுக்கு உடன்பாடில்லாத தொகை எது என்பதை முன்னரே கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதே காலத்து, அதே மாதிரி, அதே ஓட்டத்தூரக் கார்களின் விற்பனை விளம்பரங்கள் நாலைந்தை இணைத்தால் பல கம்பனிகள் தொகையை உயர்த்துகின்றன. மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியைக் கேளுங்கள். பிரித்தானியாவில் நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கையில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் கட்டணமின்றி முறையிடலாம். யாங்கோனில் நிதி ஒழுங்குபடுத்தும் திணைக்களம் இருக்கிறது, ஆனால் நான் அங்கிருந்த காலத்தில் அதன் படியேறிய தனிநபர் எவரையும் சந்திக்கவில்லை.

கலவரம் என்பது சாதாரணப் பத்திரத்துள் அடங்காது, தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும் என்பதை எம்மில் ஒரு தலைமுறை 1983 ஜூலைக்குப் பிறகே அறிந்தது. எரிந்த சொத்துகளை அவசரகால விதிகளின் கீழ் புனர்வாழ்வு அதிகாரசபை ஒன்று தன்னுரிமையாக்கிக்கொண்டது. அநியாய விலைக்குப் பிறர் வாங்கிவிடாமல் தடுக்கவே என்று காரணம் சொல்லப்பட்டது. கடற்சட்டத்தின் மொழியில் சொன்னால், உரிமையாளர் கைவிடும் அறிவித்தல் கொடுக்காமலே மிச்சம் கைமாறியது. பணம் வருமுன் பொருள் போனது. வரிசை தலைகீழ். அதை மீட்கப் பத்திரங்களோடு அலைந்தவர்கள் இதழின் வாசகர்களிடையே இருப்பார்கள், அவர்கள் எழுத வேண்டும்.

இன்றைய நிலை பற்றி ஓரிரு விடயம். 2021 பெப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன் ஒரு டொலர் சுமார் 1,330 கியாற். 2024 இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியது. 2021 இன் பிற்பகுதியில் கார் இறக்குமதியும் நிறுத்தப்பட, பழைய கார்களின் விலை எகிறியது. பழைய தொகைக்கே பத்திரத்தைப் புதுப்பித்துவந்தவர்கள் நான் மேலே காட்டிய 100க்கு 130ஐவிட மிக மோசமான விகிதத்தில் நிற்கிறார்கள். இலங்கையிலும் இதுதான் நடந்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் பத்து வருடக் கார் புதிதாக வாங்கிய விலையைத் தாண்டி விற்றது. இறக்குமதி திறந்தபின் விலை இறங்கினால் எதிர்ப்பக்கப் பிரச்சினை: 130க்குக் காப்புறுதி செய்து கட்டணமும் கட்டியிருப்பீர்கள், கம்பனி அன்றைய சந்தை விலையையே தரும். 'இரண்டிலும் எது குறைவோ அது' என்ற வரி அநேகமாக எல்லாப் பத்திரத்திலும் உண்டு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெறுமதி என்ற வகையில் பத்திரம் தரும் கம்பனிகள் சில உண்டு, கட்டணம் சற்றுக் கூட. அடுத்த புதுப்பித்தல் கடிதம் வரும்போது முகவரிடம் அதையும், முழு இழப்பின் எல்லை எத்தனை வீதம் என்பதையும், அந்த வீதம் எந்தப் பெறுமதியில் கணிக்கப்படுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.